காரீயத்தைத் துரத்திய டாக்டர் அம்மாள்

மூன்று தொழிலாளிகள். மூவரும் காரீயத் தூளில் வேலை செய்தவர்கள்.

ஒருவர் ஹங்கேரி நாட்டுக்காரர். வயது 36. ஏழு ஆண்டுகள் காரீயப் பெயிண்ட் அரைத்தார். அந்த ஏழு ஆண்டுகளில் மூன்று முறை வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. வாந்தி, தலைவலி. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். பார்த்தவர்கள் கிழவர் என்று நினைத்தார்கள்.

இன்னொருவர் போலந்து நாட்டுக்காரர். அவர் வேலை செய்தது மூன்றே மூன்று வாரம். தூசி பறக்கிற ஓர் அவசர வேலை. மூன்று வார முடிவில் தாங்க முடியாத வயிற்று வலி. இரண்டு மணிக்கட்டுகளும் தளர்ந்து கைகள் தொங்கிப் போய்விட்டன.

மற்றவர் இத்தாலிய வாலிபர். ஆங்கிலம் தெரியாது. தான் அள்ளுகிற வெள்ளைப் பொடி விஷம் என்பதும் தெரியாது. ஒரு மாதம் வேலை பார்த்தார். ஒரு நாள் திடீரென்று தலையைப் பிளப்பது போல வலி. அப்படியே தரையில் விழுந்தார். வலிப்பு வந்தது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பியதும் மறுபடி விழுந்தார். மூன்று மாதம் கழித்தும் முழு நாள் வேலை செய்ய அவரால் முடியவில்லை.

விஷம் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு வயிறு, ஒருவருக்குக் கை, ஒருவருக்கு மூளை! ஒருவர் ஏழு ஆண்டு தாங்கினார். ஒருவர் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்?

இந்த மூவரின் கதையையும் தேடிப் பிடித்து எழுதி வைத்தவர் ஒரு பெண் டாக்டர். பெயர் ஆலிஸ் ஹாமில்டன். அமெரிக்காவில் தொழிற்சாலை நோய்களை ஆராயும் மருத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர்.

எந்த ஈயம்?

பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வேறு. அது வெள்ளீயம். அதை இங்கே குழப்பிக் கொள்ளக் கூடாது. இது காரீயம். கறுத்த நிறம், கையில் எடுத்தால் கனக்கும், லேசான நெருப்பிலேயே உருகும். மீன் வலையில் குண்டாகக் கட்டுவது இதுதான். பல காலம் பத்திரிகைகளை அச்சிட்ட எழுத்துக்களும் பெரும்பாலும் காரீயத்தால் வார்த்தவையே.

சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட்டும் அந்தக் காலத்தில் காரீயத்தில் இருந்துதான் வந்தது. காரீயத் தகடுகளை எடுத்து, காடி ஊற்றிய மண் கலயங்களின் மேல் அடுக்குவார்கள். மரப்பட்டைத் தூளால் மூடுவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே விட்டு விடுவார்கள். தகடு வெளுத்து, பொரிந்து, மாவு போல ஆகிவிடும். அதைத் தட்டி எடுத்து, அரைத்து, உலர்த்தினால் வெள்ளைப் பொடி. பார்வைக்குக் கோல மாவு மாதிரி இருக்கும். மணம் கிடையாது. எரிச்சலும் கிடையாது. பயப்பட என்ன இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றும்.

எங்கும் போகலாம்

ஆலிஸ் ஹாமில்டன் 1869-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். வளர்ந்தது இந்தியானா மாநிலத்தில் போர்ட் வெய்ன் என்ற ஊரில். வசதியான குடும்பம். நான்கு பெண்கள், கடைசியாக ஒரு பையன். ஆலிஸ் இரண்டாவது பெண். அக்காள் எடித் ஹாமில்டன். கிரேக்க புராணக் கதைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர் இந்த எடித்தான்.

பிள்ளைகளைத் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே படிக்க வைத்தார். பிறகு அவருடைய மளிகை மொத்த வியாபாரம் நொடித்துப் போயிற்று. பெண்கள் தங்கள் காலில் நிற்க வேண்டிய நிலைமை வந்தது.

அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வாத்தியார் வேலை உண்டு. நர்சு வேலை உண்டு. ஆலிஸ் இரண்டையும் விட்டு விட்டு டாக்டர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. டாக்டராக இருந்தால் உலகத்தில் எந்த மூலைக்கும் போய்ப் பிழைக்கலாம். யாருக்கும் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை என்று நினைத்தாராம். பிற்காலத்தில் அவர் சுரங்கத்துக்குள் இறங்கினார். உலைக் கூடங்களில் ஏணி ஏறினார். எந்த மூலைக்கும் போகலாம் என்பது உண்மையாகவே ஆகி விட்டது.

1893-ல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மேல் படிப்புக்காக அக்காளுடன் ஜெர்மனி போனார். அங்கே பெண்களைச் சேர்ப்பதே பெரிய விஷயம். மாணவர்கள் கண்ணில் படாமல் ஒதுங்கி இருந்து பாடம் கேட்க வேண்டும் என்று நிபந்தனை. சகோதரிகள் இருவரும் அப்படியே கேட்டுவிட்டு வந்தார்கள்.

ஏழைகள் நடுவே

1897-ல் சிகாகோவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆலிஸ் தங்கிய இடம் ஹல் ஹவுஸ். ஜேன் ஆடம்ஸ் என்ற அம்மையார் 1889-ல் தொடங்கிய சேவை இல்லம் அது. படித்தவர்கள் ஏழைகளின் பேட்டையிலேயே குடியிருந்து உதவி செய்தார்கள். சுற்றிலும் இத்தாலியர், போலந்துக்காரர், கிரேக்கர், யூதர். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி வந்த ஜனங்கள்.

ஆலிஸ் அங்கே குழந்தைகளைக் குளிப்பாட்டி, எடை பார்த்து, மருந்து கொடுத்தார். தாய்மாரோடு பேசினார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். பேட்டையில் ஆண்கள் வயதுக்கு முன்பே கிழடு தட்டினார்கள். ஒருவருக்குக் கை விளங்கவில்லை. ஒருவர் மூச்சு விடத் திணறினார். கேட்டால் எல்லோரும் தொழிற்சாலையைக் கை காட்டினார்கள்.

புத்தகங்களைப் புரட்டினார். இங்கிலாந்தில், ஜெர்மனியில் எழுதிய புத்தகங்கள் நிறைய இருந்தன. அமெரிக்காவில் ஒன்றும் இல்லை! அமெரிக்கத் தொழிற்சாலைகள் மேலானவை, இங்கே அந்த நோய் கிடையாது என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள். தேடாதவன் கண்ணுக்கு எதுதான் தெரியும்?

வீடு வீடாகத் தேடல்

1908-ல் இல்லினாய் மாநில கவர்னர் தொழில் நோய்கள் பற்றி ஒரு கமிஷன் அமைத்தார். 1910-ல் ஆராய்ச்சி தொடங்கியது. தலைமை ஆலிஸ் ஹாமில்டன். அப்போது அவருக்கு வயது 41. காரீயத்தை அவரே எடுத்துக் கொண்டார்.

தொழிற்சாலைக்குள் நுழைய அவருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. முதலாளி கதவைச் சாத்தினால் திரும்பி வர வேண்டியதுதான். ஆனாலும் நயமாகப் பேசி உள்ளே போனார். போய்ப் பார்த்தால் போதாது. நோயாளிகள் எங்கே? கை விழுந்தவனை எந்த முதலாளி காட்டுவான்?

ஆஸ்பத்திரிப் புத்தகங்களைப் பார்த்தார். நோயாளியின் தொழிலை அதில் சரியாக எழுதவே இல்லை. ஆகவே வீடு தேடிப் போனார். மருந்துக் கடைக்காரரைக் கேட்டார். பாதிரியாரைக் கேட்டார். சாராயக் கடையிலும் விசாரித்தார். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்தவர்களைக் கண்டு பிடித்து, ஈறைப் பார்த்தார். காரீயம் ஏறிய உடம்பில் ஈறு ஓரமாக நீலம் கலந்த கறுப்புக் கோடு ஓடும். மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார். நிமிராது. மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார். எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை தங்கியது என்ற கணக்கு அங்கே கிடைத்தது.

குளிக்கும் தொட்டிக் கதை ஒன்று உண்டு. ஒரு போலந்துக்காரர் கை விழுந்து வந்தார். இரும்புத் தொட்டிக்கு வெள்ளை எனாமல் பூசுவது அவர் தொழில். எனாமலில் காரீயம் உண்டு என்று ஆலிஸ் கேள்விப்பட்டதே இல்லை. தொழிற்சாலைக்குப் போனார். மானேஜர் சுற்றிக் காட்டினார். காரீயம் கிடையாது என்றார். காட்டிய இடத்தில் உண்மையிலேயே எதுவும் இல்லை. வெறுங்கையோடு திரும்பியவர், நேராக அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனார். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. அவர் பார்த்தது கடைசியாகப் பூச்சைச் சரி செய்யும் இடம். உண்மையான எனாமல் வேலை நடப்பது வேறு இடத்தில். பழுக்கக் காய்ச்சிய தொட்டியின் மேல் எனாமல் மாவைச் சலித்துத் தூவுவார்கள். அனலும் புழுதியும் முகத்தில் அடிக்கும். அந்த மாவில் கொஞ்சம் வாங்கிச் சோதித்தார். நூற்றுக்கு 20 பங்கு வரை காரீயம்!

இப்படியே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சவப்பெட்டியின் அலங்காரத் தகட்டில் காரீயம். சுருட்டுச் சுற்றுகிற பளபளப்புத் தாளில் காரீயம். கண்ணாடிக் கிண்ணத்துக்கு மெருகு ஏற்றுவதில் காரீயம். ரயில் வாகனுக்கு வைக்கிற முத்திரையிலும் காரீயம். ஒரே மாநிலத்தில் எழுபதுக்கு மேற்பட்ட தொழில் முறைகளில் அது இருந்தது.

இந்த அறிக்கையின் பலனாக 1911-ல் இல்லினாய் மாநிலம் சட்டம் கொண்டு வந்தது. விஷப் பொருள்களில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். டாக்டரை வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொன்ன சட்டம் அது.

குற்றம் யாருடையது?

முதலாளிகள் என்ன சொன்னார்கள்? எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். தொழிலாளி கை கழுவுவதில்லை. நகத்தைச் சுத்தம் செய்வதில்லை. குடிக்கிறான். அதனால் நோய் வருகிறது. தன் தொழிற்சாலையில் ஒருவனுக்கு விஷம் ஏறினால் அதற்குத் தான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று ஒரு முதலாளி ஆலிஸிடம் மெய்யாகவே ஆச்சரியப்பட்டார்.

அவர்களிடம் ஒரு பெரிய சாட்சியும் இருந்தது. இருபது ஆண்டு வேலை பார்த்த கிழத் தொழிலாளியை முன்னால் நிறுத்துவார்கள். இவருக்கு ஒன்றும் இல்லையே, மற்றவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது என்று கேட்பார்கள்.

கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் ஆலிஸ் தொழிற்சாலையை மட்டும் பார்க்கவில்லை. வீடுகளையும் பார்த்தவர். விழுந்தவர்கள் வேலையை விட்டு நின்று விட்டார்கள். சிலர் ஊருக்கே போய் விட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். அந்த இடத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். தாங்கிய ஒருவர் மட்டும் கண் முன்னே நின்றார். அந்த ஒருவரை வைத்து மற்ற எல்லோருடைய கணக்கையும் தள்ளுவது எப்படிச் சரியாகும்?

1910-ல் அவர் ஐரோப்பா சென்றார். பிரஸ்ஸல்ஸ் நகரில் தொழில் விபத்துக்கள், நோய்கள் பற்றி உலக மாநாடு. அங்கே அமெரிக்காவின் நிலைமையைக் கேட்டு மற்ற நாட்டார் முகம் சுளித்தார்கள். அந்தப் பயணத்தின் பயனாக அமெரிக்க மத்திய அரசாங்கமே ஆலிஸை அழைத்தது. நாடு முழுவதும் காரீயத் தொழிலை ஆராய வேண்டும். சம்பளம் கிடையாது! அறிக்கை எழுதி முடித்தால் அதை விலைக்கு வாங்கிக் கொள்வோம் என்றது அரசாங்கம். அவர் ஒப்புக் கொண்டார்.

இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை. 90 பேர் வேலை. ஐந்து ஆண்டுகளாக ஒருவருக்குக்கூட காரீய விஷம் இல்லை. அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை. 85 பேர் வேலை. ஆறே மாதத்தில் 35 பேர் விழுந்தார்கள். இந்தக் கணக்கை ஆலிஸ் எடுத்துக் காட்டினார். இங்கிலாந்துக்காரன் உடம்பு மட்டும் இரும்பா? அங்கே தூசியைக் கட்டுப்படுத்தினார்கள். நனைத்து வேலை செய்தார்கள். டாக்டர் அடிக்கடி பார்த்தார். இங்கே தூசி பறந்தது. நகத்தில் ஒட்டியதைவிட மூச்சில் போனதுதான் பெரிய கேடு என்று அவர் அடித்துச் சொன்னார். கையைக் கழுவலாம். நுரையீரலை எப்படிக் கழுவுவது?

சொன்ன சொல்லைக் காத்தவர்

எல்லா முதலாளிகளும் கல் நெஞ்சர்கள் அல்ல. எட்வர்ட் கார்னிஷ் என்பவர் நேஷனல் லெட் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். தன் தொழிற்சாலையில் ஆட்கள் விஷம் ஏறிச் சாகிறார்கள் என்று ஆலிஸ் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. நம்பவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கொடுத்தார். நிரூபித்தால், சொன்னபடி எல்லாம் செய்கிறேன் என்றார்.

ஆலிஸ் புறப்பட்டார். திரும்பி வரும்போது ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அளவுக்கு விஷம் ஏறிய 22 பேருடைய விவரம் அவர் கையில் இருந்தது. கார்னிஷ் பேச்சு மாறவில்லை. தூசியையும் புகையையும் அடக்கக் கருவிகள் வைத்தார். டாக்டர்களை நியமித்தார். அப்படிச் செய்ய அந்த நாளில் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை மறந்து விடக் கூடாது.

உடம்புக்கு உடம்பு

தொழிற்சாலை வித்தியாசம் சரி. ஒரே தொழிற்சாலையில், ஒரே மேஜையில், இருவருக்குள் வித்தியாசம் ஏன்? இந்தக் கேள்வி ஆலிஸை விடவில்லை. 1925-ல் அவர் எழுதிய தொழிற்சாலை விஷங்கள் பற்றிய பெரிய நூலிலும் இதை ஆராய்ந்தார்.

விடையில் ஒரு பகுதி அவர் காலத்திலேயே கிடைத்தது. 1920-களில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஜோசப் ஆப் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் சோதனைகள் செய்தார்கள். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்புக்குள் சேர்த்து வைக்கிறது! எலும்பில் கிடக்கும் வரை சத்தம் இல்லை. பிறகு ஏதோ ஒரு காரணத்தால் எலும்பில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது காரீயமும் கூடவே ரத்தத்துக்கு வருகிறது. அதனால்தான் வேலையை விட்டுப் பல நாள் ஆன பிறகும் சிலருக்கு நோய் தலை காட்டியது.

மற்ற விடைகள் பிற்காலத்தில் வந்தன. இப்போது தெரிந்தது இது. ரத்தத்தில் சேர்ந்த காரீயத்தில் பாதி, சுமார் ஒரு மாதத்தில் வெளியேறி விடும். எலும்பில் சேர்ந்ததோ பல பத்து ஆண்டுகள் அங்கேயே தங்கும். வயது வந்தவர் உடம்பில் உள்ள காரீயத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், வயது முதிர்ந்த பெண்ணுக்கும் எலும்பு கரைகிறது. பழைய விஷம் அப்போது வெளியே வருகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் போகிறது.

சாப்பாடும் ஒரு காரணம். வெறும் வயிற்றில் விழுங்கிய காரீயம், வயிறு நிறைய உண்டவரைவிடப் பல மடங்கு அதிகமாக உடம்பில் ஏறும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தை ஆவலோடு இழுத்துக் கொள்ளும். காலையில் பட்டினியோடு வேலைக்கு வந்தவனும், ரொட்டியும் பாலும் சாப்பிட்டு வந்தவனும் ஒரே தூசியில் நின்றாலும் இருவர் உடம்பிலும் ஒரே அளவு ஏறுவதில்லை. மூட்டை தூக்குகிறவன் பெருமூச்சு விடுகிறான். உட்கார்ந்து வேலை செய்கிறவனைவிட அதிகத் தூசியை இழுக்கிறான். அழுக்குக் கையால் சிகரெட் பிடிக்கிறவனுக்கு இன்னும் ஒரு வழி திறக்கிறது.

பிறவியிலேயே வரும் வித்தியாசமும் உண்டு. ரத்தத்தின் சிவப்புப் பொருளை உண்டாக்க உடம்பில் ஒரு என்சைம் வேலை செய்கிறது. சமையலறையில் சமையற்காரர் மாதிரி. காரீயம் அந்தச் சமையற்காரரின் கையைக் கட்டி விடுகிறது. ரத்தம் சோகை பிடிக்கிறது. இந்த என்சைம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. தாய் தகப்பனிடம் இருந்து வருகிறபடி மாறும். அதில் ஒரு வகை காரீயத்தை இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். அந்த வகை உள்ள தொழிலாளர்கள் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருப்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஆக, கிழவர் இருபது ஆண்டு தாங்கியது பொய் அல்ல. வாலிபர் ஒரு மாதத்தில் விழுந்ததும் சோம்பேறித்தனம் அல்ல. முன்கூட்டி யாரையும் பார்த்து இவர் தாங்குவார், இவர் விழுவார் என்று சொல்ல ஆலிஸ் காலத்து டாக்டர்களால் முடியவில்லை. அப்படி இருக்க, தூசியை அல்லவா நிறுத்த வேண்டும்? ஆலிஸ் ஊர் ஊராகச் சொன்னது இதைத்தான்.

பெண்ணா, வறுமையா?

பீங்கான் பாத்திரத் தொழிலில் பெண்களும் வேலை செய்தார்கள். பளபளப்புப் பூச்சில் காரீயம். ஒஹையோ, நியூ ஜெர்சி மாநிலங்களின் பீங்கான் ஊர்களை ஆலிஸ் சுற்றினார். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக விஷம் ஏறியது போலத் தெரிந்தது. பெண் உடம்பு பலவீனம், அவ்வளவுதான் என்று எளிதாக முடித்து விடலாம். பலர் முடித்தும் விட்டார்கள்.

ஆலிஸ் இன்னும் கொஞ்சம் தோண்டினார். அந்த ஆண்களுக்குச் சங்கம் இருந்தது. நல்ல கூலி. வயிறார உண்டார்கள். பெண்களுக்குச் சங்கம் இல்லை. அரைக் கூலி, அரைச் சாப்பாடு. ஆண்களும் பெண்களைப் போலவே குறைந்த கூலியில் காலம் தள்ளிய இடங்களில் அந்த வித்தியாசம் அவ்வளவாகக் காணப்படவில்லை! பெண் உடம்பு என்று நினைத்ததில் பாதி, பெண்ணின் சம்பளம்.

ஆனாலும் தாய்மை விஷயத்தில் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. காரீயத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச் சிதைவு அதிகம். பிள்ளைகள் செத்துப் பிறந்தன. அதனால் பெண்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று வாதாடினார். ஆண் பெண் சம உரிமைக்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று மற்றப் பெண் தலைவர்கள் கேட்டபோது, இவர் எதிர்த்தார். திருத்தம் வந்தால் தனிப் பாதுகாப்புப் போய் விடுமே என்ற பயம். 1952-ல்தான் தம் கருத்தை மாற்றிக் கொண்டார். அப்போது வயது 83.

ஹார்வர்டு வாசலில்

1919-ல் ஹார்வர்டு பல்கலைக் கழகம் ஆலிஸை உதவிப் பேராசிரியராக அழைத்தது. அந்தப் பழம் பெரும் கலைக் கூடத்தின் முதல் பெண் ஆசிரியர் அவர். அவருடைய தொழில் மருத்துவத்தில் அவருக்கு நிகராக வேறு ஆள் இல்லை. அதனால் அழைத்தார்கள்.

அழைத்தவர்கள் மூன்று நிபந்தனை போட்டார்கள். ஆசிரியர் சங்கத்துக்குள் வரக் கூடாது. பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது. கால் பந்துப் பந்தயத்துக்கு ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் டிக்கெட் கேட்கக் கூடாது! அவர் பொருட்படுத்தவில்லை. ஆண்டில் பாதி நாள் பாடம், பாதி நாள் ஆராய்ச்சி என்று ஏற்பாடு செய்து கொண்டார். 1935-ல் ஓய்வு பெறும் வரை உதவிப் பேராசிரியராகவே வைத்திருந்தார்கள். பதவி உயர்வு வரவில்லை.

பெட்ரோலில் காரீயம்

1920-களில் புது ஆபத்து முளைத்தது. மோட்டார் என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஒரு காரீயச் சரக்கைக் கலந்தார்கள். இது தூள் அல்ல, திரவம். தோல் வழியாகவே உடம்பில் நுழைந்து நேரே மூளையைத் தாக்கும். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் பேவே என்ற இடத்தில் இந்தச் சரக்கைத் தயாரித்த ஐந்து தொழிலாளிகள் சித்தம் கலங்கி இறந்தார்கள். இன்னும் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசாங்கம் மாநாடு கூட்டியது. ஆலிஸும் போனார். தொழிற்சாலைக்குள் இருக்கிற காரீயத்தையே அடக்கி ஆள்வது பெரும்பாடு. தெருவெல்லாம் தூவி விட்டால் யார் காப்பாற்றுவது என்பது அவர் வாதம். வலுத்த உடம்பு, இளைத்த உடம்பு, கைக்குழந்தை எல்லாமே தெருவில் மூச்சு விடுகின்றனவே!

அவர் பேச்சு எடுபடவில்லை. தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926-ல் நிபுணர் குழு முடிவு சொன்னது. காரீயப் பெட்ரோல் உலகம் முழுதும் பரவியது. அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு அது அடியோடு நின்றது 1996-ல். கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா; ஆண்டு 2021. ஆலிஸ் எச்சரித்து 96 ஆண்டுகள் ஆகி இருந்தன.

நூற்றொரு வயது

ஓய்வுக்குப் பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் ஆற்றோரமாக ஹாட்லைம் என்ற கிராமத்தில் தங்கை மார்கரெட்டுடன் வாழ்ந்தார். மணம் செய்து கொள்ளவில்லை. 1943-ல் தம் வாழ்க்கைக் கதையை எழுதி வெளியிட்டார். போலந்துக்காரரும் இத்தாலிய வாலிபரும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறார்கள்.

1970 செப்டம்பர் 22-ந் தேதி ஆலிஸ் ஹாமில்டன் காலமானார். வயது 101. அடுத்த மூன்று மாதத்தில், டிசம்பர் 29-ந் தேதி, அமெரிக்கா முழுவதற்கும் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1995-ல் அவர் படம் போட்ட தபால் தலை வெளி வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் 1978-ல் காரீயத்துக்கென்று தனி விதி பிறந்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்று அளவு வைத்ததோடு விதி நிற்கவில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் ரத்தத்தையும் தனித் தனியே சோதிக்கச் சொன்னது. 100 மில்லி ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் காரீயம் ஏறினால் அவரைக் காரீய வேலையில் இருந்து விலக்க வேண்டும். 40-க்குக் கீழே இறங்கும் வரை திரும்பச் சேர்க்கக் கூடாது. அது வரை, 18 மாதம் மட்டும், சம்பளம் குறையக் கூடாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் நோயை மறைத்த தொழிலாளிகளை ஆலிஸ் நிறையப் பார்த்திருந்தார்.

பெண்கள் விவகாரம் மட்டும் 1991 வரை இழுத்தது. ஒரு பாட்டரி கம்பெனி, பிள்ளை பெறக்கூடிய பெண்களுக்குக் காரீய வேலை கிடையாது என்று வாசலில் நிறுத்தியது. காரீயம் ஆணின் விந்தையும் கெடுக்கும் என்பது அப்போது தெரிந்திருந்தும், ஆண்களுக்குத் தடை இல்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பெண்களை விலக்கியது செல்லாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது.